சவரக் கத்தியும் மஞ்சள் கல்லும்

முடிதிருத்தும் நிலையத்து நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு, கழுத்தை இன்னொருவர் கையிலுள்ள கத்திக்கு ஒப்படைக்கிறோமே, அது எவ்வளவு பெரிய நம்பிக்கை! அந்த நம்பிக்கையைக் கத்தி பிடித்த கையின்மேல் வைக்கிறோம் என்றுதான் எண்ணுகிறோம். உண்மையில் அதில் ஒரு பங்கு கத்தியைத் தீட்டிய கல்லுக்கும் உரியது. மழுங்கிய கத்தி மயிரை அறுக்காது, இழுக்கும். இழுத்த இடத்தில் தோல் எழும்பும். எழும்பிய தோலைக் கத்தி அடுத்த இழுப்பில் சீவிவிடும். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்திக்கே அஞ்ச வேண்டும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

இன்று பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்தியே எங்கும் காணப்படுகிறது. முன்பெல்லாம் முடிதிருத்துநரின் அடைப்பத்தில் மடக்குக் கத்தி, கிண்ணம், சீப்பு, கத்தரிக்கோல் இவற்றோடு ஒரு சிறு தீட்டுக்கல்லும் ஒரு தோல்வாரும் தவறாமல் இருக்கும். நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் அந்தக் கல்லின்மேல் கத்தி போய் வரும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய கல்லின் வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம். உலகில் தீட்டுக்கல்லுக்குப் பெயர் பெற்ற இடங்கள் பல உண்டு. அவற்றுள் பெல்ஜிய நாட்டின் மஞ்சள் கல்லையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதன் உள்ளே இருப்பதைப் பார்த்தால் இயற்பியல் படித்தவனுக்கு வியப்பு அடங்காது.

எச்சில் தொட்டுத் தீட்டிய கல்

ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்தவர். அவர் தொகுத்த இயற்கை வரலாறு என்னும் பெருநூலின் 36-ஆம் பகுதி கற்களைப் பற்றியது. அதில் தீட்டுக்கற்களை அவர் வகைப்படுத்தும் முறை நமக்குப் புதுமையாகத் தோன்றும். கல்லின் நிறத்தையோ, வன்மையையோ அவர் அடிப்படையாகக் கொள்ளவில்லை. கல்லின்மேல் எதை ஊற்றித் தீட்டுகிறோம் என்பதே அவருடைய அளவுகோல். எண்ணெய் இட்டுத் தீட்டும் கற்கள் ஒரு வகை. கிரீட் தீவின் கற்கள் அவற்றுள் பேர்பெற்றவை. நீர் இட்டுத் தீட்டும் கற்கள் மற்றொரு வகை. நாக்சோஸ் தீவின் கற்கள் அதற்கு எடுத்துக்காட்டு. எண்ணெய், நீர் இரண்டையும் ஏற்கும் கற்கள் மூன்றாம் வகை. நான்காம் வகைதான் வேடிக்கையானது. அது மனிதனின் எச்சிலைத் தொட்டுத் தீட்டும் கல். முடிதிருத்தும் கடைகளில் அதைத்தான் பயன்படுத்தினார்கள் என்றும், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த கல் அவ்வகையில் சிறந்தது என்றும் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

எச்சிலைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். எச்சில் வழவழப்பானது, கல்லின்மேல் நீரைப்போல் முத்துமுத்தாக ஒதுங்காமல் பரவி நிற்கும். கத்திக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய படலமாக இருந்து, தேய்ந்த எஃகுத் தூளை மிதக்கச் செய்யும். பிற்காலத்தில் சவர நுரையைக் கல்லின்மேல் தடவித் தீட்டியவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். எண்ணெயும் நீரும் கல்லைக் குளிர்விப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். கையால் மெல்லத் தீட்டும்போது சூடு அவ்வளவாக ஏறுவதில்லை. கல்லின் நுண்துளைகள் இரும்புத் தூளால் அடைபட்டுப்போகாமல் காப்பதுதான் அவற்றின் முதல் வேலை. அடைபட்ட கல் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆனால் எதையும் தேய்க்காது.

இலத்தீன் மொழியில் தீட்டுக்கல்லுக்குக் 'கோஸ்' என்று பெயர். சிறு தீட்டுக்கல் 'கோட்டிகுலா'. அச்சொல்லே பிரெஞ்சில் 'கோட்டிக்யூல்' என்றாகி, இன்று பெல்ஜியத்தின் மஞ்சள் கல்லுக்குரிய தனிப்பெயராக நிற்கிறது.

முனை என்பது எவ்வளவு?

கல்லுக்குப் போகுமுன் கத்தியைச் சற்றுப் பார்ப்போம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். கத்தி முனையின் தடிமன் அரை மைக்ரான் என்று கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இம்முனையின் 1 செ.மீ. நீளத்தின்மேல் 100 கிராம் எடையளவு விசை, அதாவது ஏறத்தாழ 1 நியூட்டன், செயல்பட்டால் அழுத்தம் என்ன? வகுத்துப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 20 கோடி நியூட்டன். காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு! முனை மழுங்கி 5 மைக்ரான் தடித்துவிட்டால் அதே விசை 200 மடங்கு அழுத்தத்தையே தரும். வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால், விடையை நம்பாமல் இரண்டாம் முறை போட்டுப் பார்க்கும் மாணவர்கள் உண்டு.

இன்னொரு செய்தி. அரை மைக்ரான் என்பது பச்சை ஒளியின் அலைநீளத்துக்கு அருகில் உள்ள அளவு. ஆகவே நன்கு தீட்டிய முனையை விளக்குக்கு நேரே பிடித்தால் அங்கே ஒன்றுமே தெரியாது. மழுங்கிய இடமோ வெள்ளைக் கோடாக மின்னும். ஏனெனில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அங்கே ஒரு பரப்பு இருக்கிறது. கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் முடிதிருத்துநர் ஒளியியல் படித்தவரல்லர். ஆனாலும் அவர் செய்வது நல்ல ஒளியியல் சோதனை.

மடக்குக் கத்தியின் வடிவத்திலும் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. சமையலறைக் கத்தியைத் தீட்டுபவர் கல்லின்மேல் இத்தனை டிகிரி சாய்வு என்று கையாலேயே காத்துக்கொள்ள வேண்டும். சவரக் கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. அதன் தடித்த முதுகும் மெல்லிய முனையும் ஒருசேரக் கல்லின்மேல் படுத்திருக்கும். கத்தியின் அகலம் 16 மி.மீ., முதுகின் தடிமன் 4.8 மி.மீ. என்றால், முனையின் கோணம் ஏறத்தாழ 17 டிகிரி என்று எளிய திரிகோணக் கணக்கே சொல்லிவிடும். ஆண்டுக்கணக்காகத் தீட்டத் தீட்ட அகலம் குறையும். முதுகும் கூடவே தேயும். ஆகவே கோணம் பெரிதும் மாறுவதில்லை. இதை முதலில் எண்ணிச் செய்தவர் யார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை; எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு.

ஆனால் இவ்வளவும் கல் சமதளமாக இருந்தால்தான் நடக்கும். நடுவில் குழிந்த கல் முனையை நாசமாக்கும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் தட்டையாகிவிடும் என்று எண்ணக் கூடாது. ஒன்று குழிந்து மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மூன்று கற்களை மாற்றி மாற்றித் தேய்த்தால் மட்டுமே மூன்றும் தட்டையாகும். மூன்று உலோகத் தகடுகளைக் கொண்டு இம்முறையில் உண்மையான சமதளம் பெறுவதை இங்கிலாந்தின் எந்திர வல்லுநர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார்.

ஆர்டென் மலையின் அடியில்

பெல்ஜியத்தின் தென்கிழக்கில் ஆர்டென் என்னும் காடடர்ந்த மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே சால்ம் ஆற்றங்கரையில் வியல்சாம், சால்ம்ஷாட்டோ ஆகிய ஊர்களும், சற்று மேற்கே லியர்னோ என்ற ஊரும் உள்ளன. இப்பகுதியின் பாறை ஊதா கலந்த நீல நிறமுடைய பலகைக்கல். இரும்பு ஆக்சைடு அதற்கு அந்நிறத்தைத் தருகிறது. அந்த ஊதாப் பாறைக்கிடையே, அடுக்கு ரொட்டியின் நடுவே வெண்ணெய் தடவியதுபோல், வெளிர்மஞ்சள் நிறப் படலங்கள் ஓடுகின்றன. சில படலங்கள் சில மில்லிமீட்டர் தடிமனே உடையவை. சில பல சென்டிமீட்டர் இருக்கும். இம்மஞ்சள் படலமே கோட்டிக்யூல். சுரங்கத் தொழிலாளர்கள் ஒவ்வொரு படலத்துக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல் பெயர் வைத்திருந்தார்கள். லா வெய்னெட், லா டிரெசாந்த் என்பவை அவற்றுள் சில. ஒவ்வொன்றின் குணமும் வேறு. ஒன்று விரைவாகத் தேய்க்கும். மற்றொன்று மெதுவாகத் தேய்த்து மிக நேர்த்தியான முனை தரும்.

ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவ்விடம் கடலடி. மாங்கனீஸ் மிகுந்த நுண்ணிய படிவு அங்கே சேறாகப் படிந்தது. அது எரிமலைச் சாம்பலா, கார்பனேட்டுச் சேறா என்பதில் புவியியலாரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எப்படியாயினும், பின்னர் மலைகள் எழுந்தபோது அப்படிவு மடிந்தது, அழுந்தியது, சில நூறு டிகிரி வெப்பத்தில் வெந்தது. அந்த வெப்பத்தில் கார்னெட் என்னும் கனிமம் உருவாயிற்று. பொதுவாகக் கார்னெட் உருவாக அதிக வெப்பம் வேண்டும். மாங்கனீஸ் கலந்திருந்தால் குறைந்த வெப்பமே போதும். குறைந்த வெப்பத்தில் படிகங்கள் பெரிதாக வளர வாய்ப்பில்லை. ஆகவே கோடிக்கணக்கான குட்டிப் படிகங்களே உண்டாயின. அவற்றின் குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான். உங்கள் தாடி மயிர் ஒன்றின் பருமனில் பத்தில் ஒரு பங்கு எனலாம். நல்ல கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிகங்களே. மீதி மெல்லிய அப்பிரகமும் குவார்ட்சும்.

இதனை நுண்ணோக்கியில் கண்டு விரிவாக எழுதியவர் அல்போன்ஸ் ரெனார் என்ற பெல்ஜிய அறிஞர். ஏசு சபையில் சேர்ந்திருந்தபோது கனிமவியலில் ஈடுபட்டவர் அவர். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. 1870-களின் இறுதியில் பெல்ஜிய அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் கோட்டிக்யூலின் கட்டமைப்பைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு வந்தது. நூற்றாண்டுகளாக முடிதிருத்துநர்கள் விரும்பிய கல்லின் இரகசியம் மாங்கனீஸ் கார்னெட் என்பது அதனால் தெளிவாயிற்று. இதே ரெனார்தான் பின்னர், 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் கப்பல் அள்ளிவந்த ஆழ்கடல் படிவுகளை ஜான் மர்ரியுடன் சேர்ந்து ஆராய்ந்தவர். அப்படிவுகளில் மாங்கனீஸ் உருண்டைகளும் இருந்தன. அவர்களுடைய பெரிய அறிக்கை 1891-இல் வெளிவந்தது. மலையடியில் கிடந்த பழைய கடலடியில் தொடங்கியவர் மெய்யான கடலடிக்கே போய்ச் சேர்ந்தார்!

கல்லை வெளியே எடுப்பது எளிதாக இருக்கவில்லை. படலங்கள் பெரும்பாலும் சாய்ந்தும் மடிந்தும் கிடப்பவை. அவற்றைத் தொடர்ந்து நிலத்தடியில் குடைந்து செல்ல வேண்டும். விரலளவு மஞ்சள் கல்லுக்காகப் பாளம் பாளமாக ஊதாப் பாறையை உடைத்துக் கொட்ட வேண்டும். வெடிமருந்தை அளவுக்கு மீறி வைத்தால் மஞ்சள் படலமே நொறுங்கிவிடும். எடுத்த பிறகும் வெடிப்பு, மணல் கோடு ஆகியவை உள்ள துண்டுகளைக் கழிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குவார்ட்ஸ் இழை போதும், முனையில் பல் விழுந்துவிடும். மிஞ்சியதை அறுத்து, சமப்படுத்தி, மெருகிட்டால் கையகலக் கல் ஒன்று கிடைக்கும். மஞ்சள் படலம் மெல்லியதாகவும் உடையக்கூடியதாகவும் இருப்பதால் அதன் அடியில் ஊதாக் கல்லை ஒட்டுவார்கள். இயற்கையாகவே இரண்டும் ஒட்டிப் பிறந்த துண்டுக்கு மதிப்பு அதிகம். இவ்வளவுக்கும் மேலாகத் தூசி வேறு. குவார்ட்ஸ் கலந்த கல்தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்னும் கொடிய நோய் வரும் என்பது இன்று எல்லோரும் அறிந்தது. கல்லுடைக்கும் தொழில் உலகில் எங்கெல்லாம் நடந்ததோ அங்கெல்லாம் இந்த விலையும் கொடுக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் கல்லின் அழகை மட்டும் பேசுவது முறையன்று.

சேற்றிலிருந்து தெளிநீருக்கு

இனிக் கல் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். சிறு கல் ஒன்றால் பெரிய கல்லின்மேல் நீர் விட்டுத் தேய்த்தால் பால் போன்ற சேறு உண்டாகும். கார்னெட் படிகங்கள் விடுபட்டு நீரில் மிதக்கும் நிலை அது. அச்சேற்றில் கத்தியைப் போக்கி வந்தால் படிகங்கள் உருண்டும் புரண்டும் எஃகைக் கொத்தும். வேலை விரைவாக நடக்கும். ஆனால் முனை ஓரளவுக்கு மேல் கூராகாது. முனை முன்னோக்கிப் போகும்போது எதிரே மிதந்துவரும் படிகங்கள் அதன்மேலேயே மோதுகின்றன அல்லவா? பக்கங்களைத் தேய்க்கும் படிகமே முனையையும் மழுக்குகிறது. ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் பறிப்பதுபோன்ற நிலை.

அனுபவமுள்ளவர் இங்கே என்ன செய்வார்? கல்லை மாற்ற மாட்டார். ஒரு சொட்டு நீர் சேர்ப்பார், சிறிது தீட்டுவார், மேலும் ஒரு சொட்டு சேர்ப்பார். சேறு கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்து, இறுதியில் வெறும் தெளிநீரே நிற்கும். இப்போது படிகங்கள் மிதக்கவில்லை. கல்லின் உடலில் புதைந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை எஃகை மிக மெல்ல, மிக ஆழமின்றிக் கீறும். மூன்று நான்கு கற்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரே கல், நீரின் அளவைக் கொண்டே செய்து முடிக்கிறது. உராய்வியலில் இதனை மூவுடல் தேய்மானம், ஈருடல் தேய்மானம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். கத்தி, கல், நடுவே உருளும் துகள் என்பது முன்னது. கத்தியும் கல்லும் மட்டும் என்பது பின்னது.

10 மைக்ரான் படிகம் எப்படி அரை மைக்ரான் முனையைத் தர முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை படிகத்தின் வடிவத்தில் இருக்கிறது. கார்னெட் பெரும்பாலும் 12 சாய்சதுர முகங்களுடன் படிகமாகிறது. அடுத்தடுத்த இரு முகங்களுக்கிடையே உள்ள கோணம் 120 டிகிரி. அதாவது விரிகோணம். ஏறத்தாழப் பந்துபோன்ற இப்படிகம் எஃகில் அகலமான, ஆழமற்ற பள்ளத்தையே உண்டாக்கும். உடைத்த குவார்ட்ஸ் மணலோ ஊசிமுனைகள் உடையது, ஆழமாகக் கீறும். வன்மையில் இரண்டும் ஏறத்தாழச் சமம். மோஸ் அளவுகோலில் 7-ஐ ஒட்டியவை. ஆகவே இங்கே வேறுபாடு வன்மையால் வருவதன்று, வடிவத்தால் வருவது.

கீறலா, பூச்சா?

தீட்டியபின் கத்தியின் ஓரம் கண்ணாடிபோல் மின்னுகிறதே, அப்போது எஃகுக்கு என்னதான் நேர்கிறது? இக்கேள்விக்கு விடை காண அறிவியல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்த கதை சுவையானது. மெருகேற்றுவது என்பது கீறல்களை ஒழிப்பதன்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அவற்றைச் சிறிதாக்குவதே என்று நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் கருதினார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, ஜார்ஜ் பெய்ல்பி என்ற ஸ்காட்லாந்து வேதியியலார் இதை மறுத்தார். மெருகிட்ட உலோகத்தின் மேற்பரப்பு நீர்மம்போல் வழிந்து, படிக ஒழுங்கே இல்லாத ஒரு படலமாகி, பள்ளங்களை மூடிவிடுகிறது என்பது அவர் கருத்து. 1921-இல் அவர் நூல் வெளிவந்தது. 'பெய்ல்பி படலம்' பாடநூல்களில் இடம் பிடித்தது.

1937-இல் கேம்பிரிட்ஜில் பௌடனும் ஹியூசும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். மெருகிடும் பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, நம் பூசையறைக் கற்பூரம்! கற்பூரம் மிக மெதுவான பொருள். ஆனால் அது உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 178 டிகிரி. 70 டிகிரியை ஒட்டி உருகும் வுட் உலோகத்தைக் கற்பூரம் மெருகிட்டது. அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் உருகும் வெள்ளீயத்திடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. ஆகவே மெருகுக்கு வன்மை முக்கியமன்று, உருகுநிலையே முக்கியம் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். உராயும் புள்ளிகளில் உலோகம் நொடிப்பொழுது உருகி வழிகிறது என்ற பெய்ல்பியின் கருத்துக்கு இது வலுவூட்டியது.

ஆனால் முடிதிருத்துநரின் கல்லில், நீருக்கடியில், மெதுவாக நகரும் கத்தியில் எஃகு உருகுவதற்கு வேண்டிய 1,400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் எங்கிருந்து வரும்? ஐயம் எழத்தான் செய்யும். 1950-களிலும் அதன் பின்னும் ஆஸ்திரேலிய உலோகவியலார் லெனார்ட் சாமுவேல்ஸ் மெருகிட்ட உலோகங்களைப் பொறுமையாக ஆராய்ந்தார். மேற்பரப்புக்கடியில் நசுங்கிக் குலைந்த ஓர் அடுக்கு உண்டு. ஆனால் அதுவும் படிக உலோகமே, வழிந்த பூச்சன்று என்று அவர் காட்டினார். மெருகு என்பது மிக நுண்ணிய வெட்டு வேலையே. உலோகத்தைப் பொறுத்தவரை நியூட்டன் சொன்னதுதான் வென்றது. எந்தக் கல்லுக்குப் பின் எந்தக் கல் என்று வரிசை வைத்து, பெரிய கீறலைச் சிறிய கீறலால் அழித்துவந்த தொழிலாளர்களின் கருத்தும் அதுதான். அவர்களை யாரும் கேட்கவில்லை.

தோல்வாரின் செயலும் இதை ஒட்டியதே. அமெரிக்க உலோகவியலார் ஜான் வெர்ஹோவன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தீட்டிய முனைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்துப் பார்த்தார். குரோமியம் ஆக்சைடுப் பசை தடவிய தோல் முனையை நன்றாகச் செம்மைப்படுத்துகிறது. வெறும் தோலால் பெரிய மாற்றமில்லை என்றார். வெறும் தோலில் நாற்பது, ஐம்பது முறை இழுத்துத்தான் சவரம் செய்வேன் என்பவர்கள் இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கும் அவர்கள் பக்கமே சற்றுச் சாய்வு. பிசிறு நீங்குவதும், வளைந்த முனை நிமிர்வதும் படத்தில் எளிதில் அகப்படாதவை.

எஃகின் கதையில் நம் பங்கு

கல் எவ்வளவு நல்லதாயினும் எஃகு நல்லதாக இல்லாவிட்டால் முனை நிற்காது. 1740-களில் ஷெஃபீல்டு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர் மூசையில் எஃகை உருக்கி வார்த்தார். ஐரோப்பாவில் மாசு குறைந்த, ஒரே சீரான சவரக் கத்திகள் பெருக அது வழி செய்தது. தென்னிந்தியாவில் மூசை எஃகு அதற்கு மிக முற்பட்டது. கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய இடங்களில் அதன் தடயங்கள் கிடைத்துள்ளன. 'ஊட்ஸ்' என்ற பெயரில் அது இலண்டனுக்குப் போயிற்று. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற இலண்டன் கத்தி வினைஞர் அதில் சவரக் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்து, ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தம் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து இந்த எஃகைப் போலச் செய்ய முயன்ற இளைஞர் யார் தெரியுமா? மைக்கேல் பாரடே! இருவரும் 1820-இலும் 1822-இலும் எஃகுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஊட்ஸின் சிறப்புக்கு அலுமினியமே காரணம் என்று பாரடே தவறாக முடிவு செய்தார். கார்பனே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் அம்முயற்சியில் பிறந்த புதிய எஃகில் செய்த சவரக் கத்திகளை அவர் நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

தாமே சவரம் செய்துகொள்ள விரும்பியவர்களுக்காகப் பாரிசு நகரத்துக் கத்தி வினைஞர் ழான் ழாக் பெரே 1769-இல் ஒரு நூல் எழுதினார். தீட்டுக்கற்களை அறிந்துகொள்ளும் முறையும், தோலைப் பதப்படுத்தும் முறையும் உண்டு என்று நூலின் நீண்ட தலைப்பிலேயே வாக்களித்திருந்தார். கல்லைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பெரிய கலையாக இருந்தது. ஜெர்மனியின் துரிஞ்சியப் பகுதியில் சோனபெர்க் நகரத்து எஷர் நிறுவனத்தின் பலகைக்கற்கள், அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் வெண்கற்கள், ஜப்பானில் கியோட்டோ மலைகளின் கற்கள் எல்லாம் இச்சந்தையில் இருந்தன. ஆர்கன்சா கல் ஏறத்தாழத் தூய சிலிக்கா. அதன் பெயரான நோவாகுலைட், சவரக் கத்தி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. அம்மாநிலப் புவியியல் துறைக்காக கிரிஸ்வோல்டு என்பவர் 1892-இல் தீட்டுக்கற்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கியோட்டோக் கற்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வேண்டும், இங்கே இடமில்லை.

சுரங்கம் அடங்கியது

1891-இல் எட்வர்டு அச்சசன் மின் உலையில் சிலிகன் கார்பைடைக் கண்டார். தேவையான பருமனில் சலித்தெடுத்த துகள்களைச் சுட்டுச் செய்த செயற்கைக் கல் ஒன்றைப்போலவே மற்றொன்று இருந்தது. மலையைக் குடைய வேண்டியதில்லை. கல்லுக்குக் கல் குணம் மாறுமே என்ற கவலையும் இல்லை. அடுத்த அடி இன்னும் பலமானது. 1903-இல் கிங் ஜில்லட் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளும்தான். முதல் உலகப்போரில் 1918-ஆம் ஆண்டு அமெரிக்க வீரர்களுக்காக அரசு வாங்கியவை ஏறத்தாழ 35 இலட்சம் கருவிகளும் 3.2 கோடி பிளேடுகளும். மழுங்கினால் எறிந்துவிடும் பொருளுக்குத் தீட்டுக்கல் எதற்கு? ஆர்டென் மலைச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சால்ம்ஷாட்டோவில் பழைய பட்டறை ஒன்று இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியர்னோ அருகே மீண்டும் கல்லெடுக்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்களும் தச்சர்களும் சமையல்காரர்களும்.

நம் நாட்டில் மடக்குக் கத்தி அதற்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. அதை முடித்து வைத்தது ஜில்லட் அன்று, ஒரு கிருமி. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஒருவர் இரத்தம் பட்ட கத்தி அடுத்தவர் தோலில் படக் கூடாது என்ற எச்சரிக்கை பரவியது. கல் கத்தியைக் கூராக்கும், கிருமியைக் கொல்லாது. ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது. அது வந்தே தீர வேண்டியதுதான். முடிதிருத்துநர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கல்லின் குணமறிந்து தீட்டும் திறமைக்கு ஊதியம் கொடுப்பார் அதன்பின் இல்லை. தகப்பனார் கையிலிருந்து மகன் கைக்குக் கல் வந்தது, பழக்கம் வரவில்லை.

அறிவியலுக்கோ அம்முனையின்மேல் ஆர்வம் குறையவில்லை. மயிரைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு வன்மையுடையது. பின் ஏன் மயிர் எஃகை மழுக்குகிறது? 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெம் தாசான் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே மயிரை வெட்டிப் பார்த்தார்கள். முனை சீராகத் தேயவில்லை. சில்லுச் சில்லாக உடைந்தது. அதுவும் எங்கும் உடையவில்லை. மயிர் நேராக நில்லாமல் வளைந்து சாயும்போது, அதன் ஒரு பக்கம் படும் இடத்தில், ஏற்கெனவே முனையில் ஒரு நுண்ணிய வெடிப்போ மேடுபள்ளமோ இருந்து, எஃகின் உள்ளமைப்பும் அங்கே சீரற்றிருந்தால்தான் உடைந்தது. சவரத்துக்கு முன் மயிரை வெந்நீரில் நன்றாக ஊற வைத்தால் அதை அறுப்பதற்கு வேண்டிய விசை குறைகிறது. தெளிநீரில் முடிக்கும் கடைசிச் சில இழுப்புகள் முனையிலுள்ள மேடுபள்ளத்தைக் குறைக்கின்றன.